மதில் உயர்ந்த தெரு

காவல் தலைவர் செங்கோடன் தம் குரு அருளம்பல அடிகளின் முன் நகரின் வரைபடத்தை விரித்தார். பட்டப்பகலில் களவு போன வீடுகளின்மேல் செம்புள்ளி வைத்திருந்தார். வணிகர் தெருவில் புள்ளிகள் ஈக்களாய் மொய்த்துக் கிடந்தன.

"அடுத்த தெருவில் பாய் முடைவோர் இருக்கிறார்கள், சுவாமி. அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. சொந்தத் தெருவில் எவன் கைவைப்பான்? கள்வர் அவர்கள்தாம். அறுபது குடும்பங்களையும் நாளை கோட்டைக்கு வெளியே அனுப்ப ஆணை எழுதிவிட்டேன். முத்திரையிட மட்டும் கை எழவில்லை. நான் செய்வது நீதிதானா?"

"காவல் உடையைக் கழற்றிவிட்டு வா."

நண்பகல். வணிகர் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒவ்வொரு களவுக்குப் பிறகும் இரண்டு முழம் உயர்த்தி உயர்த்தி, மதில்கள் யானையையும் மறைத்து நின்றன. அடிகள் திறந்திருந்த ஒரு கொல்லைக் கதவுக்குள் நுழைந்தார். பின்கட்டில் தொங்கிய ஊஞ்சலின் மயில் செதுக்கிய பலகையைச் சங்கிலியிலிருந்து விடுவித்தார்.

"மறுமுனையைப் பிடி."

"சுவாமி! நான் காவல் தலைவன்!"

"தோள் நன்றாகத்தான் இருக்கிறது. பிடியப்பா."

இருவரும் பலகையோடு தெரு நெடுக நடந்தனர். ஒரே ஒரு கதவு திறந்தது. ஒரு வணிகர் எட்டிப் பார்த்தார்.

"பார்த்துப் போங்களய்யா, புதுச் சுண்ணாம்பு. சுவரில் உராய்ந்துவிடப் போகிறது!"

கதவு சாத்திக்கொண்டது.

பாய் முடைவோர் தெருவில் வாசலெங்கும் கோரை காய்ந்தது. ஆணும் பெண்ணும் தெருவிலேயே அமர்ந்து முடைந்துகொண்டிருந்தனர். பலகையோடு வந்த இருவரும் பத்தடி நடந்திருக்கமாட்டார்கள்.

"யாரய்யா நீங்கள்? யார் வீட்டுக்கு?"

"தச்சர்கள்" என்றார் செங்கோடன்.

"தச்சராம்! கையில் ஒரு காய்ப்பைக் காணோமே!"

"அடி வள்ளியம்மை, இந்த மயில் பலகை சாத்தப்பர் வீட்டுடையது. பாய் கொடுக்கப் போனபோது பார்த்தேன். ஓடிப்போய் அவரிடம் சொல். நீங்கள் அசையாதீர்கள்!"

நாற்பது பேர் சூழ்ந்துகொண்டனர். செங்கோடனுக்கு முகம் கன்றியது. பலகையை இறக்கிவைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஆணையைக் கிழித்துவிடுகிறேன், சுவாமி. ஆனால் வணிகர் தெருவுக்கு இன்னும் எத்தனை காவலர் வேண்டும்?"

"அங்கே நிழல் நன்றாக விழுகிறது. பகலில் வந்து பாய் முடைய இவர்களுக்கு மனம் உண்டா என்று கேள். பணிவாகக் கேள்."