மரங்கொத்தி தட்டிப் பார்த்த வரிகள்

ஒரு காட்டில் இருட்டிய பிறகு, முயல் வளையின் கதவில் 'சளக்' என்று ஒரு சத்தம் கேட்டது. யாரும் தொடவில்லை. போட்டிருந்த தாழ்ப்பாள் தானாக விலகிக்கொண்டது.

தாய்முயல் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டது. மூன்று குட்டிகளும் கண் திறந்து இரண்டு நாள்தான் ஆகிறது. வெளியே நரி உலாவும் நேரம்.

அந்தக் காட்டில் கதவுகளெல்லாம் கணினி சொன்னபடி நடக்கும். எல்லாருக்கும் பொதுவாக ஒரே வலைப்பக்கம். அதில் வீட்டுக்கு ஓர் அடைப்புக்குறி; அவரவர் கட்டளைகளை அவரவர் அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொள்வார்கள். 'நிலை' என்று ஒரு பெயர் வைத்து, அதில் 'மூடு' என்று எழுதியிருந்தது முயல். அந்தச் சொல் இருக்கும்வரை தாழ்ப்பாள் விலகாது.

முயல் மறுபடி 'மூடு' என்று எழுதியது. சளக். இன்னொரு முறை எழுதியது. சளக். கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து அழுதது.

மேலே மரப்பொந்தில் குடியிருந்த மரங்கொத்தி எட்டிப் பார்த்தது. "என்ன அக்கா, தூங்கவிடாமல் ஒரே சத்தம்?"

"நரிப்பயல் என் கட்டளையை மாற்றிவிடுகிறான், தம்பி."

"அவனுக்கு எழுதத் தெரிந்திருந்தால் கோழிப்பண்ணைக்கு மேலாளராகப் போயிருப்பான். இருங்கள், பார்க்கிறேன்."

எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பாதது மரங்கொத்தி. தன் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் நின்று, 'நிலை'யில் என்ன இருக்கிறது என்று பார்த்தது.

"மூடு... மூடு... உங்கள் வரிகள் முடிந்தன அக்கா, இன்னும் மூடுதான்."

அதற்குள் கதவுக்கு வெளியே நரியின் குரல். "தாழ்ப்பாள் போடவில்லை போலிருக்கிறதே. வரலாமா?"

முயல் இன்னும் இறுக்கிச் சாய்ந்தது. மரங்கொத்தி நிறுத்தவில்லை, அடுத்த வீட்டு வரிகளுக்குப் போயிற்று.

"இதோ, 'திற' என்றாகிவிட்டது. ஏய் அணிலே, இது உன் வரிதானே?"

பக்கத்து மரத்திலிருந்து அணில் தலையை நீட்டியது. "என் கொட்டைக் கிடங்குக்கு எழுதியது. ஒவ்வொரு கொட்டைக்கும் ஒருதரம் திறப்பேன். நானும் 'நிலை' என்றுதான் பெயர் வைத்தேன். அதனாலென்ன?"

"இரண்டு பேருமே அந்தப் பெயரை அடைப்புக்குறிக்கு வெளியே, பொதுவில் வைத்திருக்கிறீர்கள். பொதுவில் 'நிலை' ஒன்றுதான். கடைசியில் யார் மாற்றினார்களோ, அதுதான் எல்லாருக்கும். அக்கா, அந்தப் பெயரை உங்கள் அடைப்புக்குறிக்குள்ளேயே புதிதாக உண்டாக்குங்கள். அங்கே வேறு யார் எழுத்தும் நுழையாது."

நரி கதவில் தோளை வைத்தது. முயல் சாய்ந்தபடியே அந்த ஒரு வரியை உள்ளே எழுதியது. தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

"அணிலே, இப்போது ஒரு கொட்டை எடு," என்றது மரங்கொத்தி.

அணில் எடுத்தது. கிடங்கு மட்டும் திறந்தது.

"ஆண்டவர் உன்னை நன்றாக வைக்கட்டும், தம்பி," என்றது முயல். "நேற்று நீ சத்தம் போடுகிறாய் என்று திட்டினேன். இனி எவ்வளவு வேண்டுமானாலும் தட்டு."

நரி முட்டிப் பார்த்தது. கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

நீதி: உன் வீட்டுக்கு மட்டும் உரியதை, எல்லார் கையும் படும் இடத்தில் வைக்காதே.