பஸ் ஸ்டாப்பில் அழுத பெண்

தஸ்லீமுக்கு முப்பத்தாறு வயது. கோயம்புத்தூரில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் கல்யாண வேலையை ஒதுக்கிவிட்டு, தெருவைப் படம் எடுக்கப் போவார். டவுன்ஹால், பெரிய கடை வீதி, பூ மார்க்கெட் என்று அவர் நடக்க, அவரிடம் கற்றுக்கொள்ள, கேமராவும் கையுமாகச் சிலர் கூடவே நடப்பார்கள்.

அவர்களில் மூத்தவர் சென்னியப்பன். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றவர். தன் மகள் வயதுள்ள தஸ்லீமை அவர் “டீச்சர்” என்றுதான் கூப்பிட்டார். முதலில் கூச்சப்பட்ட தஸ்லீம் பிறகு பழகிக்கொண்டார்.

அந்த வருஷம் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்க முடிவு செய்தார்கள். படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது சென்னியப்பனின் ஒரு படத்தைப் பார்த்ததும் எல்லோரும் கிட்டே வந்து குனிந்தார்கள்.

பஸ் ஸ்டாப் கம்பத்தில் ஒரு பெண் சாய்ந்து நிற்கிறாள். சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். கண்ணீர் தாடை வரை இறங்கியிருக்கிறது. துடைக்கவில்லை. அவளைச் சுற்றி ஊர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

“நுழைஞ்சதும் இதுதான் கண்ணுல படணும்” என்றார்கள் எல்லோரும்.

தஸ்லீம் பார்த்தார். அடுத்த படத்தைக் கையில் எடுத்தார்.

மற்றவர்கள் கிளம்பியதும் சென்னியப்பன் மட்டும் நின்றார்.

“டீச்சர், படம் நல்லா இல்லீங்களா?”

“ரொம்ப நல்லா இருக்குங்க சார்.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?”

“இவங்க யாரு?”

“தெரியாதுங்க. ஒரு புதன்கிழமை சாயங்காலம் நான் தனியாப் போனப்ப பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தாங்க.”

“எதுக்கு அழுதாங்க?”

“அது நமக்கெப்படித் தெரியும்? தெரியாம இருக்கறதுதானுங்க அந்தப் படத்தோட பலமே.”

தஸ்லீம் தலையாட்டினார். அடுத்த வாரம் அதே படத்தை பிரிண்ட் போட்டு, ஒரு கவரில் வைத்து அவரிடம் நீட்டினார்.

“அவங்ககிட்டக் குடுத்துட்டு வாங்க.”

“வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா?”

“மாட்ட வேண்டாம்.”

“புனேல இருந்து என் பொண்ணு இதைப் பாக்கத்தான் வர்றா, டீச்சர்.”

“தெரியும் சார்.”

சாயங்காலங்களில் சென்னியப்பன் அந்த பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். அவள் வராத நாட்களில் வருத்தம் இல்லை, நிம்மதியாகவே இருந்தது. கடைசியில் ஒருநாள் வந்துவிட்டாள். அதே பை, அதே கம்பம்.

அவர் தன் பேரைச் சொல்லி, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் கவரைப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இப்படியா நின்னேன்?”

“ஆமாங்க.”

“எங்கிருந்து எடுத்தீங்க?”

சென்னியப்பன் ரோட்டின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அங்கே கரும்பு ஜூஸ் வண்டி ஒன்று நின்றது.

“அத்தனை தூரத்துல இருந்து கண்ணீர் தெரிஞ்சுதா?”

“லென்ஸ் அப்படிங்க. பெருசா காட்டும்.”

“தெரிஞ்சுதுல்ல? வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஒன்று வந்து நின்று போனது. அவள் ஏறவில்லை.

“இப்பக் கேக்கலாமுங்களா?” என்றார்.

அவள் சிரித்துவிட்டாள்.

அவள் பேர் ருக்குமணி. யூனிஃபார்ம் தைக்கும் கடையில் வேலை. அன்றைக்கு டூவீலர் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போயிருந்தாள். எட்டு போடும்போது காலை ஊன்றிவிட்டாள். மறுபடியும் ஃபெயில்.

“அதுக்கா அழுதீங்க?”

“அதுக்குத்தானுங்க. கடையில அத்தனை பேரும் பாஸாயிடுவேன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. அன்னிக்கு யாராவது ஒருத்தர், விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொல்லியிருந்தா நேரா வீட்டுக்குப் போயிருப்பேன். பாதியில எறங்கிக் கோயில்ல உக்காந்துட்டுத்தான் போனேன்.”

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“வண்டி ஓட்டும்போது எங்க பாப்பீங்க?”

“முன் சக்கரத்தை.”

“அதைப் பாக்கவே கூடாதுங்க. எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம் பாருங்க. வண்டி தானா வரும்.” அங்கேயே, பஸ் ஸ்டாப்பில், செருப்பு நுனியால் தரையில் ஒரு எட்டு போட்டுக் காட்டினார். வாத்தியார் குரல் தானாக வந்துவிட்டது. நின்றவர்களில் ஒருவர் வழிவிட்டு ஒதுங்கி, அவரும் எட்டிப் பார்த்தார்.

அவளுடைய பஸ் இன்னொன்றும் போய்விட்டது.

கிளம்பும்போது அவளே கேட்டாள்.

“இந்தப் படத்தை மாட்டப் போறீங்களா?”

“நீங்க சரின்னு சொன்னா.”

“மாட்டுங்க. ஆனா கீழ எழுதிப் போடணும். எட்டு போடத் தெரியாம அழுததுன்னு.”

“அப்படிப் போட்டா பாக்கறவங்க சிரிச்சுருவாங்களேங்க.”

“சிரிக்கட்டுமே! எழுதாம மாட்டினா, புருசன் அடிச்சுட்டான்னு நினைச்சுக்குவாங்க. அவரு பாவம். எனக்கு வண்டி பழக்கறதே அவருதான்.”

கண்காட்சியில் நுழைந்ததும் கண்ணில் படும்படி அந்தப் படம் இருந்தது. வந்தவர்கள் அதன் முன் முகம் இறுகி நின்றார்கள். பிறகு கீழே எழுதியிருந்ததைப் படித்தார்கள். முகம் இளகியது. மறுபடி படத்தைப் பார்த்தார்கள். இந்தத் தடவை அதிக நேரம் நின்றார்கள். “எனக்கும் எட்டுலதான் போச்சு” என்று ஒரு அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். புனேயிலிருந்து வந்த மகள் அப்பாவின் தோளில் கை போட்டபடி சிரித்தாள். அவள் கண் கலங்கியும் இருந்தது.

மாலையில் ருக்குமணி வந்தாள், ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு. பின்சீட்டில் அவள் புருஷன் கம்பியை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தான்.

“பாஸுங்க!” என்று வாசலிலிருந்தே கத்தினாள்.

எடுக்க வேண்டிய படம்தான். கேமரா சென்னியப்பனின் தோளில்தான் தொங்கியது. அவர் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. தஸ்லீம் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். சென்னியப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க சார்.”

“இனிமே ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எடுக்கணுமா? கேட்டா முகம் மாறிருதே. நிமிந்து நின்னுக்கறாங்க. தெரு போயிருது.”

தஸ்லீம் கடைசி ஜன்னலின் கொக்கியைப் போட்டார்.

“கேக்கச் சொல்லலைங்க சார். கேக்கற தூரத்துல நில்லுங்க.”