விக் கடைக்கு யார் சாட்சி?

எங்கள் ஊர் வணிகர் சங்கத்தில் தலைவர் ஆறுக்குட்டி வைத்ததுதான் சட்டம். விருது விழாவில் சிறந்த கடைக்கான இறுதிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் தலைவரின் சகலை, ஜவுளிக்கடைக்காரர். இன்னொருவர் விக் செய்து விற்கும் பாவாயி.

தலைவர் மேடையில் மைக்கைப் பிடித்தார். "வாடிக்கையாளர் ஒருத்தராவது எந்திரிச்சு சாட்சி சொல்லோணும். இல்லீன்னா விருது கிடையாது."

சகலைக்காக வரிசை வரிசையாக எழுந்தார்கள். பாவாயிக்கு ஒருவரும் எழவில்லை. விக் வைத்திருப்பதைச் சபையில் யார் ஒத்துக்கொள்வார்? அது தலைவருக்கு நன்றாகவே தெரியும்.

"அப்புறமென்னம்மா, எறங்கு" என்று இளித்தார்.

பாவாயி அசையவில்லை. "பேரைச் சொன்னா என் தொழிலே போச்சுங்க. ஆனா சாட்சி காட்டாம எறங்க மாட்டனுங்க" என்றவள் மைக்செட்காரரைப் பார்த்தாள். "அண்ணா, மேடையோரம் நிக்கிற அந்தப் பெரிய ஃபேனை முழு வேகத்துல போடுங்க!"

ஃபேன் சுற்றக்கூட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் அரங்கமெங்கும் கைகள் தலைக்குப் பறந்தன. எல்லாருக்கும் முந்திப் பறந்தது தலைவரின் கை. மைக் கீழே கிடந்தது.

சிரிப்பு அடங்கியதும் பாவாயி சொன்னாள்:

"கையை எடுத்துட்டு விருதைக் கொடுங்க தலைவரே. நான் வெச்சது புயலடிச்சாலும் பறக்காதுங்க."