ஆசாரி திருப்பித் தராத கொடுக்கு

அந்தக் காலத்தில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நண்டும் பேசும், பன்றியும் பேசும், மனிதனும் நின்று பதில் சொல்வான். முதலில் துரோகம் செய்தவன் அங்கப்ப ஆசாரி. இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு செங்கையன் நண்டு ஆசாரியைத் திட்டியதை மட்டும் கேட்டவர்கள், நண்டுக்குத்தான் வாய் நீளம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். செங்கையன் திட்டியது உண்மை. ஆனால் திட்டுவதற்கு முன்னால் அது ஒரு கொடுக்கை இழந்திருந்தது.

அப்போதெல்லாம் அந்தச் சேற்றில் இருந்த ஆண் நண்டுகளுக்கு இரண்டு கொடுக்குமே பெரியவை. பெண் நண்டுகளுக்கு இரண்டும் சிறியவை. செங்கையனுக்குத் தன் கொடுக்குகளின் மேல் பெருமை அதிகம். நம்பிக்கையோ யார் மேலும் கிடையாது. இரண்டு கண்ணையும் குச்சியில் ஏற்றி வைத்தது போல உயர்த்திக்கொண்டு, நாரை வந்தாலும் சந்தேகப்படும், நாரை வராவிட்டாலும் ஏன் வரவில்லை என்று சந்தேகப்படும்.

அந்த வருஷம் ஒரு காட்டுப்பன்றி கரையோர வயலையும் சேற்றையும் சேர்த்து உழுதது. போன வாரம்தான் செங்கையனின் தம்பியை வளையோடு தோண்டி எடுத்து மென்று தின்றது.

"ஆழமா தோண்டுங்கடா," என்று பன்றி சிரித்தது. "எனக்கும் மூக்குக்கு வேலை வேணும்ல!"

ஒரு நாள் காலை நீர் வற்றியிருந்தபோது அங்கப்ப ஆசாரி சேற்றுக் கரைக்கு வந்தான். ஊரில் இரும்பு வேலை அவனுடையது. வேட்டி தொடை வரை கிழிந்திருந்தது. தோளில் நீளமாக ஏதோ இருந்தது.

"நில்லுய்யா," என்றது செங்கையன், வளைக்குள் பாதி உடம்பை வைத்துக்கொண்டு. "தோள்ல என்ன?"

"துப்பாக்கி. நானே செஞ்சது. பன்றிக்காக."

"உள்ள தோட்டா இருக்கா?"

"இல்ல."

"இல்லைன்னு நீ சொல்றே. திறந்து காட்டு. அப்பதான் வெளியே வருவேன்."

ஆசாரிக்குச் சிரிப்பு வந்தது. துப்பாக்கியின் பக்கத்தில் இருந்த பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தான். குழலின் பின்வாசல் முழுக்கத் திறந்துகொண்டது. செங்கையன் ஒரு கண்ணை அதில் வைத்துப் பார்த்தது. குழலின் அந்தப் பக்கம் வெறும் வானம் தெரிந்தது.

"கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இருக்கே!"

"தாழ்ப்பாளேதான். தூக்கு, இழு. தள்ளு, அமுக்கு. அவ்வளவுதான் வேலை. தாழ்ப்பாள் முனையில ரெண்டு பல் இருக்கு பாரு. பிடியை அமுக்கினா அது ரெண்டும் திரும்பிப் போய் உள்ள இருக்கிற பள்ளத்துல உட்கார்ந்துக்கும். மருந்து வெடிச்சு எவ்வளவு முட்டினாலும் அசையாது. கீல் வச்சு மடக்குற துப்பாக்கி நாலு வருஷத்துல ஆடிப்போகும். இது ஆடாது. குறி வச்ச இடத்துலதான் அடிக்கும்."

"அப்படின்னா பன்றி ஏன் இன்னும் உயிரோட இருக்கு? உன் வேட்டி ஏன் கிழிஞ்சிருக்கு?"

ஆசாரியின் முகம் சுருங்கியது. முந்தின நாள் பன்றியைச் சுட்டபோது முதல் குண்டு தவறிவிட்டது. தாழ்ப்பாளை இழுத்தால், சூட்டில் உப்பிய காலித் தோட்டா குழலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பதற்றத்தில் அடுத்த தோட்டாவைத் தள்ளினான். அது முன்னதன் முதுகில் முட்டிக்கொண்டு சிக்கியது. அவன் அலையாத்தி மரத்தில் ஏறி உயிர் பிழைத்தான். பன்றி சாயங்காலம் வரை கீழே உட்கார்ந்து அவனை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததாம்.

"ஒரு தோட்டாவைப் போட்டு மறுபடியும் செஞ்சு காட்டு. குழல் அந்தப் பக்கம் இருக்கட்டும்," என்றது செங்கையன்.

ஆசாரி தாழ்ப்பாளுக்குக் கீழே இருந்த பெட்டியில் ஒரு தோட்டாவைப் போட்டுச் செய்து காட்டினான். செங்கையன் இரண்டு கண்ணாலும் பார்த்தது.

"உன் தாழ்ப்பாளுக்குத் தள்ளத் தெரியுது, பிடிக்கத் தெரியல. தோட்டா பெட்டியை விட்டு மேல வந்ததும் யாரு கையிலும் இல்லாம கிடக்குது. நான் ஒரு கிளிஞ்சலை வளைக்குள்ள கொண்டுபோனா, வாசல்லயே விளிம்பைக் கவ்விடுவேன். உள்ள போற வரைக்கும் விடமாட்டேன். வேண்டாம்னு வெளியே எறியும்போதும் அதே பிடிதான். நடுவழியில மனசு மாறித் திரும்பினாலும் அது என்னோடவே திரும்பி வரும். அதை விடாம இன்னொண்ணை நான் தொடவே மாட்டேன். அப்புறம் சிக்கல் எங்கேருந்து வரும்?"

"அப்படிப் பிடிச்சா, மரத்துல தலைகீழா தொங்கினாலும் தோட்டா விழாது," என்று ஆசாரி மெதுவாகச் சொன்னான். அவன் கண் செங்கையனின் கொடுக்கை விட்டு நகரவில்லை. "அந்த வளைவுதான் எனக்கு வரமாட்டேங்குது. ஒரே ஒரு கொடுக்கு கொடு. அச்சு எடுத்துட்டு அடுத்த நீர் வத்தத்துக்குள்ள கொண்டாந்து தர்றேன்."

பக்கத்து வளையிலிருந்து செங்கையனின் மனைவி சேற்றழகி எட்டிப் பார்த்தாள். "வேணாங்க. அந்த ஆளு உங்க முகத்தைப் பார்த்துப் பேசல. கொடுக்கைப் பார்த்துப் பேசுறான்."

செங்கையனுக்கும் அதுதான் உறுத்தியது. ஒவ்வொன்றாகக் கேட்டது.

"உடைப்பியா?"

"மாட்டேன்."

"விப்பியா?"

"மாட்டேன்."

"குழம்பு வைப்பியா?"

"நான் மீன்கூடத் தொடமாட்டேன்பா."

"கடல்ல போட்டுட்டு வந்து காணோம்பியா?"

"சத்தியமா மாட்டேன்."

சேற்றில் பிறந்து சேற்றிலேயே வளர்ந்த நண்டுக்கு எத்தனை கேள்வி தோன்றுமோ அத்தனையும் கேட்டது. நெருப்பை அது பார்த்ததே இல்லை. ஆகவே அதைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நாணலுக்குள் பன்றி உறுமியது. தம்பியின் நினைவு வந்தது. செங்கையன் இடது தோள் மூட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கியது. கொடுக்கு கழன்று சேற்றில் விழுந்தது.

நண்டுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கொடுத்தவன் ஒரு சேற்றுருண்டை செய்து வாங்கியவன் பாதையில் வைப்பான். வாங்கியதைத் திருப்பித் தராமல் எந்த நண்டும் அந்த உருண்டையைத் தாண்டாது. செங்கையன் மீதியிருந்த கொடுக்கால் உருண்டை பிடித்து ஆசாரியின் முன்னால் வைத்தது. ஆசாரி கொடுக்கை மடியில் கட்டிக்கொண்டான். குனிந்துகூடப் பார்க்காமல் உருண்டையைத் தாண்டிப் போய்விட்டான்.

"பாத்தீங்களா?" என்றாள் சேற்றழகி.

செங்கையன் பார்த்தது. பார்த்து என்ன செய்வது?

ஒரு வற்றம் போனது, இரண்டு போனது. மூன்றாவது வற்றத்தில் வயல் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. பன்றியின் சிரிப்பும் கேட்டது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இரண்டாவது வெடி. அதற்கப்புறம் சிரிப்பு இல்லை.

செங்கையன் பக்கவாட்டில் நடந்தே பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. உலையின் அனலில் அதன் ஓடு காய்ந்தது.

"திறந்து காட்டு," என்றது.

ஆசாரி தாழ்ப்பாளை இழுத்தான். அதன் பக்கத்தில் நீளமாகப் படுத்திருந்தது கொடுக்கு. அதே வளைவு, அதே நுனி. ஆனால் நிறம் சாம்பல். செங்கையன் தொட்டுப் பார்த்தது. சில்லென்று இருந்தது.

"இது இரும்பு. என்னுது எங்க?"

ஆசாரி சாம்பல் மேட்டைக் காட்டினான். அங்கே உடைந்த களிமண் ஓடு ஒன்று கிடந்தது. அதற்குள் ஒரு கொடுக்கின் அளவுக்குப் பள்ளம் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"களிமண்ணுல பொதிஞ்சு உலையில வச்சேன். உள்ள இருக்கிறது எரிஞ்சு போகும். அந்த இடத்துல உருக்கு இறங்கும். அச்சுன்னா அதுதான்."

"எரியும்னு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியாம எப்படி? என் தொழில் ஆச்சே."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

ஆசாரி தாழ்ப்பாளைத் தள்ளி மூடினான். "பன்றி செத்துச்சா இல்லையா? உனக்கும் நல்லதுதானே? நண்டுக்குக் கொடுக்கு திரும்ப முளைக்கும்னு சொல்றாங்க."

"முளைச்சா அது நான் எனக்குக் கொடுத்துக்கிட்டது. நீ கொடுக்க வேண்டியது எங்க?"

"செஞ்சு தர்றேன்பா. அடுத்த வத்தத்துக்குள்ள."

அந்த ஆசாரி மறுபடி சேற்றுக் கரைப் பக்கமே வரவில்லை. சிக்காத துப்பாக்கி என்று ஊரூராகப் பேர் வந்தது. பேரெல்லாம் ஆசாரிக்கு. செங்கையனின் இடது தோளில் ஒரு கொடுக்கு முளைத்தது, அரிசி அளவுக்கு. அதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கும் அப்படியே.

அன்று முதல்தான் துப்பாக்கியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கும்போது, தாழ்ப்பாளை இழுத்துக் காலியாக இருப்பதைக் காட்டச் சொல்கிறார்கள். சொன்ன வார்த்தையை நம்பக் கூடாது என்று நண்டு கற்றுக்கொடுத்தது. அன்று முதல்தான் நீர் வற்றும் போதெல்லாம் ஆண் நண்டுகள் வளையைச் சுற்றிச் சேற்றுருண்டைகளை வைத்துவிட்டு, மீதியிருக்கும் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஊர்ப் பக்கமாகத் தூக்கித் தூக்கி ஆட்டுகின்றன. பெண் நண்டைக் கூப்பிடுகின்றன என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். கூப்பிடுவது ஆசாரியை. இதற்கு ஜோடி எங்கே என்று கேட்கின்றன. அந்தக் கொடுக்கு இன்னும் வந்து சேரவில்லை.