பதினோரு வீட்டு நாற்காலி

சமூகத்தில் யார் எந்தப் படியில் இருக்கிறார் என்று அளக்கக் கற்றுக்கொடுப்பது குருவின் வேலை. கல்லூரியில் அவருக்கு ஒரு சிறிய அறை இருந்தது.

அவருடைய சிஷ்யை ஜெபக்கனி, உப்பளத் தொழிலாளியின் மகள். தான் பிறந்த தெருவிலேயே பதினோரு வீடுகளைக் கணக்கெடுத்துவிட்டு ஒருநாள் அந்த அறைக்கு வந்தாள். மின்விசிறிக்கு இத்தனை புள்ளி, நாற்காலிக்கு இத்தனை புள்ளி என்று போட்டுக் கூட்டினால், அந்த வீடு எந்தப் படி என்று தெரிந்துவிடும்.

"எங்க தெரு ஒரு படி ஏறிடுச்சு சார்! பதினோரு வீட்டிலயும் நாற்காலி இருக்கு."

குரு படிவங்களைப் புரட்டினார். வாய்விட்டுப் படித்தார்.

"முதல் வீடு. சிவப்பு பிளாஸ்டிக். வலது கையில் விரிசல். ரெண்டாவது வீடு. சிவப்பு பிளாஸ்டிக். வலது கையில் விரிசல். மூணாவது வீடு..."

"போதும் சார்!" அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் ஒரு வாசல் இறங்குறதுக்குள்ள, நான் உட்காரணும்னு அதையே பின்பக்கமா அடுத்த வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடிருக்காங்க. கள்ளப் பயபுள்ளைக! பத்து வீட்டுக்குப் புள்ளியை அடிச்சிடுறேன்."

குருவும் சிரித்தார்.

"கடைசி வீடு யாரோடது?"

அவள் சிரிப்பு நின்றது.

"எங்க அப்பாவோடது."

"அங்கயும் அதுலதான் உட்கார்ந்தியா?"

"தரையில உட்காரத்தான் போனேன். 'துணி அழுக்காயிரும், மேல உட்காரு'ன்னுட்டார். எனக்கு மட்டும் கடையில கலர் சோடா வாங்கிட்டு வந்தார். சோறு கேட்டேன். 'உனக்கு இது ஒத்துக்காது'ன்னார். முன்னெல்லாம் அவர் தட்டுலதான் சார் சாப்பிடுவேன். மீன்ல முள்ளை எடுத்துட்டு ஊட்டுவார்."

"அவர் எங்க உட்கார்ந்தார்?"

"உட்காரவே இல்ல. கதவைப் பிடிச்சு நின்னுக்கிட்டேதான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். 'உட்காருங்கப்பா'ன்னு மூணு தடவை சொன்னேன். 'இருக்கட்டும்'னார்."

அவள் படிவங்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினாள்.

"நான் எந்தப் படியில இருந்தா என்ன சார்? ஒருநாளாவது அவர்கூடத் தரையில உட்கார்ந்து சாப்பிடணும். அவரை எப்படி உட்கார வைக்கிறது?"

குரு தன் மேசைக்கு எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலையே, ஜெபக்கனி. மூணு வருஷமா இந்த அறையில உன்னையே என்னால உட்கார வைக்க முடியலையே."