மாதம் மூன்று தரம்

"இந்தத் தலைவலி என் பொண்ணுக்கும் வருமாம்மா?" என்று செங்கமலம் கேட்டாள்.

ஞானாம்பாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரை மடத்துக்கு அவள்தான் குரு. சிஷ்யையைவிடப் பத்து வயது சின்னவள். அதனால் செங்கமலத்தை அக்கா என்றே கூப்பிடுவாள்.

"உங்க அம்மாவுக்கு இருந்துச்சா, அக்கா?"

"இருந்துச்சு. ஒரு பக்கம் மட்டும் மண்டையைப் பிளக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. எனக்கும் அப்படியேதான்."

"அப்ப வரலாம். வராமலும் போகலாம்."

இதைக் கேட்கவா இத்தனை தூரம் வெயிலில் நடந்து வந்தோம் என்று செங்கமலத்துக்கு எரிச்சலாக இருந்தது.

"வலி வந்தா உங்க அம்மா என்ன செய்வாங்க?"

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது.

"வீட்டுக்குத் தூரம்னு சொல்லிட்டுப் பின்கட்டு அறையில போய்ப் படுத்துக்குவாங்க. மூணு நாள் யாரும் கிட்ட வர மாட்டாங்க, வேலை சொல்ல மாட்டாங்க. தலைவலின்னு படுத்தா விடுவாங்களா?"

"நீங்க?"

"நானும் அதேதான். மாசத்துல மூணு தரம்கூடத் தூரமாயிருக்கேன். ஆம்பளைங்க எண்ணவா போறாங்க?"

"அம்மாவுக்குத் தலையை யார் பிடிச்சு விட்டது?"

"தூரமா இருக்கறவளை யார் தொடுவா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. சின்ன வயதில், சோற்றுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள். அம்மா போய்ச் சேரும்வரை அந்த நெற்றியில் ஒரு தரமும் கை வைத்ததில்லை.

செங்கமலம் அழுதாள். ஞானாம்பாள் மொச்சைத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"கோமதி வரலையா இன்னிக்கு?"

கோமதிதான் மகள். பதினாறு வயது.

"கூட்டிட்டு வரத்தான் இருந்தேன். காலையிலயே தூரம்னு பின்கட்டுக்குப் போயிட்டா. போன வாரமும்..."

கும்பிடக்கூட மறந்து எழுந்து போனாள்.

பின்கட்டு அறையில் சன்னலைச் சாத்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள் கோமதி. செங்கமலம் பாயில் உட்கார்ந்து, மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொடாதம்மா, தீட்டு" என்றாள் கோமதி, கண்ணைத் திறக்காமல்.

"எந்தப் பக்கம்டி வலிக்குது?"