நானூறு மணி நேரத்தில் தேய்ந்த ரிங்

உமியை எரித்து ஸ்டர்லிங் எஞ்சின் ஓட்டும் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லி ஒரு மழைநாளில் கடிதம் வந்தது. பொன்னுலிங்கம் அதை இரண்டு முறை படித்தார். பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு நாற்பத்தாறு வயதில் மாணவராகச் சேர்ந்தவர். எட்டு வருஷம் போயிருந்தது.

அந்த எஞ்சினுக்கு நெருப்பு வெளியே. உள்ளே அடைத்துவைத்த ஹீலியம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அதில்தான் பிஸ்டன் ஓடும். ஹீலியம் கசியாமல் காப்பது பிஸ்டன் ரிங். அவர் எந்த ரிங்கைப் போட்டாலும் நானூறு மணி நேரத்துக்குள் தேய்ந்துபோயிற்று.

வழிகாட்டி டாக்டர் நவமணி அவரைவிட ஆறு வயது இளையவர். அணைந்துபோன அடுப்புக்குப் பக்கத்தில், அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கடைசி அறிக்கை முடிஞ்சுதா சார்?"

"எஞ்சின் ஓடினதை எழுதிட்டேன் மேடம். ரிங் தேஞ்சதை எழுதல."

"ஏன்?"

"தோத்ததை யார் படிக்கப்போறாங்க? எனக்கும் மானம்னு ஒண்ணு இருக்கே."

நவமணி கைப்பையிலிருந்து ஒரு கறுப்பு ரிங்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தது.

"நாம முதல்ல செஞ்சதுதானே இது?"

"இல்ல. இருபத்துமூணு வருஷத்துக்கு முந்தி, வேற ஊர் லேப்ல செஞ்சது. அதே பொருள், அதே அளவு. நானூறு மணி நேரம்கூட ஓடல."

பொன்னுலிங்கம் ரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்ந்த இடம்கூட ஒன்றாகவே இருந்தது.

"இதைப்பத்தி எங்கேயும் ஒரு வரி இல்லையே மேடம். நான் தேடாத இடமில்ல."

"அதைச் செஞ்ச பொண்ணு எழுதல. வெட்கம். 'காலம் போதவில்லை'ன்னு முடிச்சுட்டா."

பொன்னுலிங்கம் ரிங்கை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தார். "இந்த ஒரு ரிங்கோட மூணு வருஷம் மாரடிச்சேன். எங்க அம்மா உயிர் போகும்போது நான் இங்கேதான் இதைக் கழட்டிக்கிட்டிருந்தேன். அந்தப் பொண்ணை நேர்ல பார்த்தா ஒரே ஒரு வார்த்தை கேட்கணும்."

மழை வலுத்தது. நவமணி தலையைக் குனியவில்லை.

"கேளுங்க சார். எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன்."

பொன்னுலிங்கம் அறிக்கையை எடுத்து, ரிங் தேய்ந்ததை எழுத ஆரம்பித்தார்.